காய்ச்சலோ காயமோ பயிற்சியைக் கெடுத்த பிறகு அரை அயர்ன்மேன்: வாரக் கணக்கும் நிமிடக் கணக்கும்

கோவாவின் பணஜியில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 போட்டி (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் ஒரே நாளில் அடுத்தடுத்து வரும் அரை அயர்ன்மேன்) 2019-இல் தொடங்கியது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் நடப்பதால் தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. பயிற்சி உச்சத்தைத் தொட வேண்டிய அதே வாரங்களில்தான் இங்கே மழையும், கொசுவும், டெங்குவும், வைரஸ் காய்ச்சலும் உச்சத்தில் இருக்கும். காய்ச்சல் தப்பினாலும், அதிகமாக ஓடிக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதும் முட்டி வலிப்பதும் அந்த நேரத்தில்தான் நடக்கும். நுழைவுக் கட்டணம் கட்டியாயிற்று, டிக்கெட் போட்டாயிற்று, மூன்று வாரப் பயிற்சி போயிற்று. இனி என்ன செய்வது என்பதற்கான வழிகாட்டி இது. முதல் முறை போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது.

தூரங்கள் தெரிந்ததுதான்: கடலில் 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். முழு அயர்ன்மேன் இதைப் போல இரு மடங்கு. கீழே உள்ள கணக்கெல்லாம் அரைத் தூரத்துக்கானது. முழுத் தூரத்துக்குப் பதிவு செய்தவர் கடைசி இரண்டு மாதத்தில் நான்கு வாரத்துக்கு மேல் இழந்திருந்தால், அந்த ஆண்டை விட்டுவிடுவதே சரி என்பது எங்கள் கருத்து.

போகலாமா என்று முடிவெடுப்பது

காய்ச்சல் விட்டதும் ஷூ மாட்டக் கூடாது. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாட்கள்தான் அபாயமான நாட்கள். ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைவதும் ரத்தநாளங்களிலிருந்து திரவம் கசிவதும் அப்போதுதான். தட்டணு எண்ணிக்கை சரியாகி, மருத்துவர் போகலாம் என்று சொல்லும் வரை சைக்கிளைத் தொடாதீர்கள். அந்த நிலையில் கீழே விழுந்தால் சாதாரணக் காயம்கூட பெரிய ரத்தக்கசிவாகும். சிக்குன்குன்யா என்றால் காய்ச்சல் போன பின்பும் மணிக்கட்டு, கணுக்கால் வலி வாரக்கணக்கில் நிற்கும். அந்த வலியோடு ஏரோ பாரில் (முழங்கை ஊன்றிக் குனிந்து ஓட்டும் கைப்பிடி) சாய்ந்து நான்கு மணி நேரம் ஓட்ட முடியாது.

எந்த வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகும் நெஞ்சு வலி, படபடப்பு, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, தலைசுற்றல் இவற்றில் ஒன்று இருந்தாலும் இதய மருத்துவரைப் பார்த்து ஈ.சி.ஜி. எடுத்த பிறகுதான் மற்றதெல்லாம். இதயத் தசை அழற்சி அரிதுதான். ஆனால் அது இருக்கும்போது கடுமையாக உடற்பயிற்சி செய்வது உயிருக்கே ஆபத்து. இதில் மட்டும் பேரம் பேச இடமில்லை.

ஒன்றும் இல்லை என்றால், மாத்திரை போடாமல் ஒரு வாரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடித்துடிப்பை எண்ணிப் பாருங்கள். வழக்கத்தைவிட நிமிடத்துக்கு 10 கூடுதலாக இருந்தால் உடம்பு இன்னும் சண்டையில்தான் இருக்கிறது என்று பொருள். அன்றைக்கு நடை மட்டும் போதும்.

காயம் என்றால் சோதனை வேறு. 30 நிமிடம் வேகமாக நடந்தால் வலிக்கக் கூடாது. ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவதை, நல்ல காலில் எத்தனை முறை முடிகிறதோ அத்தனை முறை அடிபட்ட காலிலும் செய்ய முடிய வேண்டும். பிறகு ஒற்றைக் காலில் 20 முறை துள்ளிப் பார்க்க வேண்டும். மூன்றிலும் தேறினால் ஓட்டத்தைத் தொடங்கலாம். கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பில் விரல் நுனி அளவு இடத்தில் அழுத்தினால் சுள்ளென்று வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போது வலித்தாலோ எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமலே போவதுண்டு. எம்.ஆர்.ஐ. பார்க்காமல் ஓடாதீர்கள்.

ஒத்திவைப்பு, வேறு போட்டிக்கு மாற்றிக்கொள்வது போன்ற வசதிகளுக்குக் கடைசித் தேதி உண்டு. உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கும்போதே அந்தத் தேதியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தேதி தாண்டிப்போனதால் வேறு வழியில்லாமல் பந்தயத்துக்குப் போகிறவர்கள் நிறையப் பேர்.

எது போயிற்று, எது மிச்சம்

மூன்று வாரம் சும்மா இருந்தால் முதலில் குறைவது ரத்தத்தின் நீர்ப்பகுதி. சில நாட்களிலேயே குறையத் தொடங்கிவிடும். இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் அதனால் குறைகிறது. அதே வேகத்துக்கு நாடித்துடிப்பு கூடுகிறது. மூன்று வாரத்தில் உச்ச ஆக்சிஜன் திறனில் சுமார் 7 சதவீதம் போகும். காய்ச்சலில் கிடந்திருந்தால் இன்னும் கூடப் போகும். வெயிலைத் தாங்கும் பழக்கமும் அதே வேகத்தில் கரைகிறது. தசையின் வலு மட்டும் ஏறக்குறைய ஒரு மாதம் தாங்கும். நீச்சல் உத்தி மறக்காது, ஆனால் தண்ணீரைப் 'பிடிக்கும்' உணர்வு மழுங்கியிருக்கும். இரண்டு மூன்று நாள் குளத்தில் இறங்கினால் திரும்ப வந்துவிடும்.

ரத்தத்தின் நீர்ப்பகுதியும் வெயில் பழக்கமும் ஒன்றிரண்டு வாரத்தில் மீள்பவை. மாதக்கணக்கில் சேர்த்த அடித்தளம் மூன்று வாரத்தில் அழிவதில்லை. திரும்பி வராதது ஒன்றுதான்: செய்யாமல் விட்ட நீண்ட பயிற்சிகள். அவற்றை மிச்சமுள்ள வாரங்களில் அடுக்கிச் செய்து ஈடுகட்டப் பார்ப்பதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. ஒரு பயிற்சியின் பலன் உடம்பில் சேர குறைந்தது பத்து நாளாகும். பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பு செய்யும் 90 கி.மீ. சவாரி களைப்பை மட்டுமே பந்தயத்துக்குக் கொண்டுவரும். விட்டதை விட்டதாக எழுதிவிட்டு, பந்தயத் திட்டத்தை மாற்றுங்கள்.

ஐந்து வாரம் மிச்சம் இருந்தால்

திரும்பும் வரிசை எப்போதும் நீச்சல், சைக்கிள், கடைசியில் ஓட்டம். தண்ணீர் உடம்பைத் தாங்கும்; ஓட்டத்தில் ஒவ்வோர் அடியும் எலும்பிலும் தசைநாரிலும் இறங்கும்.

முதல் வாரத்தில் பழைய நேரத்தில் பாதிதான். இரண்டு முறை நீச்சல், ஒவ்வொன்றும் 100 மீட்டராகப் பத்து, இடையில் 20 விநாடி ஓய்வு. சமதரையில் 45 நிமிட சைக்கிள் ஒரு நாள், ஞாயிறன்று ஒன்றரை மணி நேரம். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று பத்துச் சுற்று, இரண்டு நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. எல்லாமே முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில். இந்த வாரம் வேகப் பயிற்சி எதுவும் கிடையாது.

இரண்டாம் வாரம் நீச்சலை 1,500 மீட்டராக்கி, ஞாயிறு சவாரியை இரண்டரை மணி நேரமாக்குங்கள். ஓட்டம் இரண்டு நிமிடம், நடை ஒன்று, மொத்தம் 40 நிமிடம். காலையில் நாடித்துடிப்பு ஏறியிருந்தால் இந்த வாரத்தையே முதல் வாரம் போல மறுபடி செய்யுங்கள். அதனால் பந்தயம் கெட்டுவிடாது.

மூன்றாம் வாரம்தான் பெரிய வாரம், அதுவும் 8 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஒரு நாள் 1,900 மீட்டர் நிற்காமல் நீந்துங்கள், எவ்வளவு மெதுவாக ஆனாலும் சரி. கடலில் நீந்திப் பழகியவர்கள் துணையும் மிதவையும் இருந்தால் கடலிலும் ஒரு நாள். ஞாயிறன்று, அதாவது பந்தயத்துக்குச் சரியாக 14 நாள் முன்பு, மூன்றரை மணி நேர சைக்கிள். இறங்கிய கையோடு 30 நிமிடம் ஓட்டமும் நடையும். சென்னைக்காரர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியுமுன் கிளம்பினால் போக்குவரத்துக்கு முன் முடித்துவிடலாம். ஆனால் கடைசி ஒரு மணி நேரமாவது வெயில் படும்படி வைத்துக்கொள்ளுங்கள். பணஜியில் ஓட்டம் வெயிலில்தான்.

நான்காம் வாரம் செவ்வாய் அல்லது புதன் 90 நிமிட ஓட்ட-நடை, நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. அதோடு நீண்ட பயிற்சிகள் முடிந்தன. அன்றிலிருந்து நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள், எத்தனை நாள் பயிற்சி என்பதைக் குறைக்க வேண்டாம். ஐந்தாம் வாரம் ஒவ்வொன்றும் 20 முதல் 40 நிமிடம். நடுவே பந்தய வேகத்தில் சில நிமிடங்கள் மட்டும்.

இரண்டு வாரம்தான் மிச்சம் என்றால் மேலே உள்ள முதல் வாரத்தையும் ஐந்தாம் வாரத்தையும் மட்டும் செய்யுங்கள். இடையில் உள்ளதைத் திணிக்க வேண்டாம். அதற்கு முன் குறைந்தது ஒரு முறையாவது 80 கி.மீ. சைக்கிளும் 16 கி.மீ. ஓட்டமும் செய்திருந்தால் மட்டுமே பந்தயத்துக்குப் போகலாம்.

ஒரு விஷயத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: சைக்கிள் சீட். சில வாரம் உட்காராமல் இருந்தால் இடுப்பெலும்பு படும் இடம் மென்மையாகிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட சவாரியை இரண்டு முறையாவது செய்யாமல் போனால், பந்தயத்தில் 60 கி.மீ.க்கு மேல் தோல் உரிந்து எழுந்து நின்றே மிதிக்க வேண்டிவரும். சைக்கிளும் சும்மா கிடந்திருக்கிறது. டியூப்லெஸ் டயரில் ஓட்டையை அடைக்கும் திரவமான சீலன்ட் காய்ந்திருக்கும், சங்கிலி மழைக்காற்றில் துரு பிடித்திருக்கும், ஷூவைப் பெடலோடு பூட்டும் கிளீட்டின் திருகாணி தளர்ந்திருக்கும். மூன்றையும் முதல் சவாரிக்கு முன்பே பாருங்கள்.

கட்-ஆஃப் கணக்கு

அயர்ன்மேன் 70.3-இல் வழக்கமான கட்-ஆஃப் (அதற்குள் முடிக்காவிட்டால் பந்தயத்திலிருந்து விலக்கப்படும் நேர வரம்பு) இப்படி: நீச்சல் 1 மணி 10 நிமிடம், சைக்கிள் முடிய தொடக்கத்திலிருந்து 5 மணி 30 நிமிடம், மொத்தம் 8 மணி 30 நிமிடம். உங்கள் பந்தயத்தின் கையேட்டில் உள்ள எண்களைத்தான் இறுதியாகக் கொள்ள வேண்டும். அதை அச்சிட்டு ஒரு தாளில் கணக்குப் போடுங்கள்.

நீச்சலை 1 மணி நேரத்தில் முடிக்க 100 மீட்டருக்கு 3 நிமிடம் 9 விநாடி போதும். உடை மாற்றி சைக்கிளை எடுக்க 8 நிமிடம். 90 கி.மீ.யை மணிக்கு 22.5 கி.மீ. வேகத்தில் 4 மணி நேரம். ஷூ மாற்ற 6 நிமிடம். இதுவரை 5 மணி 14 நிமிடம். சைக்கிளை 5 மணி 8 நிமிடத்தில் முடித்து, அதன் கட்-ஆஃபுக்கு 22 நிமிடம் மிச்சம் வைத்து வந்துவிட்டீர்கள். ஓட்டத்துக்குக் கையில் இருப்பது 3 மணி 16 நிமிடம், அதாவது கி.மீ.க்கு 9 நிமிடம் 17 விநாடி.

நான்கு நிமிடம் ஓட்டம் (கி.மீ.க்கு 7:30 வேகம்), ஒரு நிமிடம் நடை (10:30 வேகம்) என்று போனால் 21.1 கி.மீ.க்கு 2 மணி 48 நிமிடம். மொத்தம் 8 மணி 2 நிமிடம். கால் ஒத்துழைக்காமல் இரண்டு நிமிடம் ஓட்டம் (8:00), ஒரு நிமிடம் நடை (11:00) என்று இறங்கினாலும் 3 மணி 6 நிமிடம். 10 நிமிடம் மிச்சம். ஆனால் முழுவதும் நடந்தால்? 90 கி.மீ. மிதித்த காலுக்கு கி.மீ.க்கு 11 நிமிடமே நல்ல நடை; அதில் 3 மணி 52 நிமிடம் ஆகும். கட்-ஆஃப் போய்விடும்.

இதில் பார்க்க வேண்டியது என்னவென்றால், சைக்கிளை 22.5-க்குப் பதில் 24 கி.மீ. வேகத்தில் மிதித்தால் 15 நிமிடம் லாபம். அந்த வேகத்துக்குக் காலைச் செலவழித்து, ஓட்டத்தில் கி.மீ.க்கு ஒரு நிமிடம் கூடுதலாக ஆனால் 21 நிமிடம் நஷ்டம். பயிற்சி குறைந்தவருக்கு இந்த நஷ்டம் ஏறக்குறைய நிச்சயம். அதனால்தான் சைக்கிளில் அடங்கிப் போகச் சொல்கிறோம். பவர் மீட்டர் (மிதிக்கும் விசையை வாட்டில் காட்டும் கருவி) உள்ளவர்கள் பழைய எஃப்.டி.பி. எண்ணை (சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்ச வாட்) அப்படியே நம்பாமல் அதில் 5 முதல் 10 சதவீதம் கழித்து, மிச்சத்தில் 65 முதல் 70 சதவீதத்தில் ஓட்டுங்கள். மீட்டர் இல்லாதவர்கள் வாய் திறந்து மூச்சு வாங்காத வேகத்தைப் பிடித்தால் போதும்.

கடலிலும் சாலையிலும்

நீச்சல் நடக்கும் மிராமர் கடற்கரை மாண்டவி ஆறு அரபிக்கடலில் சேரும் இடத்தருகே உள்ளது. அந்தக் காலத்தில் கடல் வெதுவெதுப்பாக இருக்கும், மிதக்க உதவும் ரப்பர் நீச்சலுடையான வெட்சூட்டை நம்ப வேண்டாம். மிதப்பு உங்கள் உடம்பிலிருந்துதான் வர வேண்டும். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வாசலின் தடவுங்கள். உப்புநீரும் மணலும் சேர்ந்து அறுக்கும். நீச்சல் தொடங்கும் வரிசையில் உங்கள் உண்மையான நேரத்துக்கு உரிய இடத்தில் நில்லுங்கள், பழைய நேரத்துக்கு அல்ல. முதல் 200 மீட்டரில் மூச்சு தடுமாறினால் மல்லாந்து மிதக்கலாம், மார்பு நீச்சல் அடிக்கலாம், பாதுகாப்புக்கு நிற்கும் கயாக் படகைப் பிடித்து ஓய்வெடுக்கலாம். அதைப் பிடித்துக்கொண்டு முன்னே நகராத வரை விதிமீறல் இல்லை. மூன்று வீச்சுக்கு ஒரு மூச்சு பழகியவர்கள் அன்றைக்கு இரண்டுக்கு ஒன்று எடுங்கள்.

சைக்கிளைத் தொடும் முன் ஹெல்மெட் பட்டை பூட்டியிருக்க வேண்டும். திரும்ப ஸ்டாண்டில் மாட்டும் வரை கழற்றக் கூடாது. முன்னால் போகிறவருக்கும் உங்களுக்கும் 12 மீட்டர் இடைவெளி, அதற்குள் நுழைந்தால் 25 விநாடிக்குள் தாண்ட வேண்டும். களைத்தவர்கள் தெரியாமலே அடுத்தவர் பின்னால் ஒட்டிக்கொள்வார்கள். தண்டனைக் கூடாரத்தில் போகும் நிமிடங்களை மேலே உள்ள கணக்கு தாங்காது. முதல் 20 நிமிடம் மிக லேசான கியர். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்க வேண்டாம்.

ஓட்டத்தில் நடையை முதல் ஐந்தாவது நிமிடத்திலேயே தொடங்குங்கள். 'இப்போது நன்றாகத்தானே இருக்கிறது, 10 கி.மீ. வரை ஓடிவிட்டுப் பிறகு நடப்போம்' என்று எல்லோருக்கும் தோன்றும். அப்படிப் போனவர்கள் பிறகு நடந்த நடை ஓட்டமாக மாறுவதில்லை. ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் தொப்பிக்குள் ஐஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

வயிறு

நோயில் கஞ்சியும் ரசமும் மட்டும் குடித்த வயிறு ஜெல்லைத் (பந்தயத்தில் உறிஞ்சும் மாவுச்சத்துக் கூழ்) தாங்காது. முதல் வாரப் பயிற்சியில் மணிக்கு 30 கிராம் மாவுச்சத்து, வாரத்துக்குப் பத்து கிராம் கூட்டி நான்காம் வாரத்தில் 60 கிராம். பந்தயத்திலும் அதே 60. அதற்கு மேல் முயல வேண்டாம். வீட்டில் கலக்க: 750 மி.லி. தண்ணீர், 40 கிராம் சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, அரை மூடி எலுமிச்சை. உப்பிலிருந்து சுமார் 600 மில்லிகிராம் சோடியம் கிடைக்கும். மணிக்கு இது ஒரு புட்டி, கூடவே ஒரு ஜெல் அல்லது நான்கு சிறிய பேரீச்சம்பழம். வெறும் தண்ணீரை மட்டும் மொண்டு குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். விரலும் மோதிரமும் இறுகினால் எச்சரிக்கை.

காலை உணவு தொடக்கத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு. அந்த நேரத்தில் ஹோட்டலில் இட்லி கிடைக்காது. முந்தைய நாளே ரொட்டி, ஜாம், வாழைப்பழம் வாங்கி அறையில் வையுங்கள்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு தொடங்காதீர்கள். இபுபுரூஃபென் வகை மாத்திரைகள் வெயிலில் நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதோடு காயம் கூடுவதையும் மறைக்கும்.

நிறுத்த வேண்டிய இடம்

இதை முந்தைய இரவே எழுதி, உடன் வருபவரிடம் கொடுங்கள், ஏனென்றால் பந்தயத்தின் நடுவே யாருக்கும் நிதானம் இருக்காது. நெஞ்சு வலி, ஒழுங்கற்ற படபடப்பு, வெயிலில் குளிர் நடுங்குவது, நேராக நடக்க முடியாமல் தள்ளாடுவது, அடிபட்ட இடத்து வலி பத்துக்கு நான்கைத் தாண்டி நடையே மாறுவது: இவற்றில் ஒன்று வந்தால் அருகிலுள்ள மருத்துவ உதவிக் குழுவிடம் போங்கள். மணிக்கணக்குப் பார்க்க வேண்டாம்.

நிறுத்தினால் கணுக்காலில் கட்டியிருக்கும் டைமிங் சிப்பைக் கழற்றி, எண்ணைச் சொல்லி, அதிகாரி ஒருவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் அறைக்குப் போக வேண்டும். நீச்சலிலேயே நிறுத்திவிட்டுச் சொல்லாமல் போய்விட்டால், நீச்சலில் வெளியே வராதவர் என்று நினைத்து உங்களைக் கடலில் தேடிக்கொண்டிருப்பார்கள்.